லினக்ஸில் சிபியூ வேகம் ஏறவில்லையா, இறங்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காரைக்குடி, புதுவயல், தேவகோட்டைப் பக்கம் லினக்ஸ் போட்ட லேப்டாப்புகளும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் என் மேசைக்கு வருவது பெரும்பாலும் இரண்டே புகாரோடுதான். "அண்ணே, மெஷின் ரொம்ப இழுக்குது." இல்லாவிட்டால், "ஃபேன் நிக்கவே மாட்டேங்குது." கொண்டுவருபவர்களில் பலர் அதற்குள் இணையத்தில் தேடி, பூட் பாராமீட்டர் நாலைந்தைச் சேர்த்து, இரண்டு மூன்று பவர் மேனேஜர்களையும் நிறுவியிருப்பார்கள். அதையெல்லாம் கழற்றுவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

லினக்ஸின் கருவான கெர்னலின் கட்டமைப்பில் கை வைப்பது கடைசி வேலை. வேகத்தைப் பிடித்து நிறுத்துவது சார்ஜரா, சூடா, பயாஸா (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்), ஏதாவது சர்வீஸா, டிரைவரா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். செலவில்லாதது முதலில் வரும்.

## எந்த அறிகுறியானாலும் முதல் ஐந்து நிமிடம்

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே உச்சரிப்பாகத் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள். கோப்புப் பெயர்களில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே அடிக்கோடு வரும்.

'சிஸ்' கோப்பகத்துக்குள் டிவைசஸ், சிஸ்டம், சிபியூ, சிபியூ0, சிபியூஃப்ரெக் என்று வரிசையாக உள்ளே போங்கள். அங்கே 'ஸ்கேலிங் டிரைவர்', 'ஸ்கேலிங் கவர்னர்', 'ஸ்கேலிங் மேக்ஸ் ஃப்ரெக்', 'சிபியூஇன்ஃபோ மேக்ஸ் ஃப்ரெக்' ஆகிய நான்கையும் 'கேட்' போட்டுப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எண்கள் கிலோஹெர்ட்ஸில் இருக்கும். 800000 என்றால் 800 மெகாஹெர்ட்ஸ்.

டிரைவர் பெயர் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். 'இன்டெல் பிஸ்டேட்' என்றால் இன்டெல் டிரைவர் ஆக்டிவ் மோடில் ஓடுகிறது, வேகத்தை டிரைவரும் சிபியூவுமே தீர்மானிக்கும். 'இன்டெல் சிபியூஃப்ரெக்' என்றால் அதே டிரைவர்தான், பேசிவ் மோடில், அதாவது கவர்னர் சொல்வதைக் கேட்டு ஓடும். 'ஏஎம்டி-பிஸ்டேட்-இபிபி' என்பது ஏஎம்டியின் ஆக்டிவ் மோடு. 'ஏசிபிஐ-சிபியூஃப்ரெக்' என்பது பயாஸ் தரும் அட்டவணையை வைத்து ஓடும் பழைய பொது டிரைவர். இந்தப் பெயர் தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கவர்னர் என்பது வேகத்தை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று சொல்லும் விதி. ஒரே கவர்னர் பெயருக்கு டிரைவருக்கு டிரைவர் பொருள் மாறும்.

பிறகு ஒரு டெர்மினலில் 'டர்போஸ்டாட்'டை ரூட்டாக ஓடவிட்டு, இன்னொன்றில் 'ஸ்ட்ரெஸ்-என்ஜி' கொண்டு எல்லா கோருக்கும் ஒரு நிமிடம் வேலை கொடுங்கள். வேலை செய்யும்போது உள்ள மெகாஹெர்ட்ஸ், வெப்பம், வாட் மூன்றும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் வரும். இனி வருவதெல்லாம் அந்த மூன்று எண்ணை வைத்துத்தான்.

## அறிகுறி: வேகம் 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவே இல்லை

வேலை கொடுத்தாலும் எண் அசையாது. வெப்பம் 45, 50 டிகிரிதான் இருக்கும். பிரவுசரில் எழுத்தை அடித்தால் அரை நொடி கழித்துத் திரையில் வரும்.

சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் மட்டும் ஓடவிட்டதும் வேகம் ஏறினால், கெர்னலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சில மாடல்களில் சார்ஜர் முனையின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். "நான் இத்தனை வாட் சார்ஜர்" என்று போர்டுக்குச் சொல்வது அந்த ஊசிதான். ஊசி வளைந்திருந்தாலோ, வயர் உள்ளே அறுந்திருந்தாலோ, சார்ஜர் மலிவு டூப்ளிகேட்டாக இருந்தாலோ போர்டுக்கு அந்தத் தகவல் போகாது. போர்டு உடனே சிபியூவைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். முனையை வெளிச்சத்தில் நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசி ஒரு பக்கமாகச் சாய்ந்து உலோகச் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்பது கண்ணுக்கே தெரியும். பூட் ஆகும்போது "அடாப்டர் வகை தெரியவில்லை" என்ற பொருளில் ஒரு வரி வந்துபோனால் சந்தேகமே வேண்டாம். அதே மாடல் ஒரிஜினல் சார்ஜரைக் கடன் வாங்கிப் போட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு ஊர் நம்பிக்கையையும் தீர்த்துவிடலாம். "மத்தியானம் லோ வோல்டேஜ், அதான் ஸ்லோ" என்பார்கள். அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். லைன் 180க்கு இறங்கினாலும் லேப்டாப்புக்குத் தெரியாது.

பேட்டரி செத்திருக்கிறதா? பேட்டரி இல்லாமலோ, முழுக்கப் போன பேட்டரியோடோ ஓடினால் சில மாடல்கள் வேகத்தைக் குறைக்கும். திடீரென்று இழுக்கும் மின்சாரத்தை அடாப்டர் மட்டும் தாங்காது என்ற பயம் அதற்கு. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வாங்கியதை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். அந்த வயதில் பேட்டரி உயிரோடு இருந்தால்தான் ஆச்சரியம்.

மேல் எல்லையை யாராவது குறைத்திருக்கிறார்களா? எழுதிவைத்த தாளில் 'ஸ்கேலிங் மேக்ஸ் ஃப்ரெக்' எண் 'சிபியூஇன்ஃபோ மேக்ஸ் ஃப்ரெக்' எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் ஏதோ ஒரு சர்வீஸோ ஸ்கிரிப்டோ வேலை பார்த்திருக்கிறது. பெரிய எண்ணை எடுத்துச் சின்னதில் எழுதுங்கள். மறு பூட்டில் பழையபடி இறங்கினால் கீழே 'கவர்னர் தானாக மாறுகிறது' பகுதிக்குப் போங்கள்.

டிரைவர் ஏசிபிஐ, கவர்னர் பவர்சேவ். நான் அடிக்கடி பார்க்கும் கூட்டணி இது. இன்டெல் டிரைவரின் ஆக்டிவ் மோடில் பவர்சேவ் என்றால் வேலைக்கேற்ப வேகம் ஏறி இறங்கும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதே பவர்சேவை ஏசிபிஐ டிரைவரில் போட்டால், இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கும். எப்படி நேர்கிறது? யாரோ சொன்னார்கள் என்று 'இன்டெல் பிஸ்டேட் = டிசேபிள்' என்று பூட் வரியில் (கெர்னல் தொடங்கும்போது படிக்கும் வரி) சேர்ப்பார்கள். டிரைவர் ஏசிபிஐக்கு மாறிவிடும். முன்பு எழுதிய ஸ்கிரிப்டோ வழக்கம்போல பவர்சேவ் போட்டுக்கொண்டே இருக்கும். அந்த பூட் பாராமீட்டரை எடுத்தாலே போதும். எடுக்க முடியாத நிலை என்றால் கவர்னரை, வேலைக்கேற்ப வேகத்தை மாற்றும் 'ஷெட்யூட்டில்' ஆக்குங்கள்.

பயாஸ். டீஃபால்ட்டுக்குத் திருப்பி ஒருமுறை சோதியுங்கள். வேகத்தை மாற்ற உதவும் ஸ்பீட்ஸ்டெப், ஸ்பீட் ஷிஃப்ட், ஏஎம்டி என்றால் சிபிபிசி ஆகியவை 'எனேபிள்' ஆக இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் அசையவில்லை, வெப்பமும் குறைவு, நல்ல சார்ஜர்தான் என்றால், போர்டிலிருந்து சிபியூவுக்குப் போகும் 'ப்ராக்ஹாட்' சிக்னல் பொய்யாக எழுந்து நிற்கலாம். "சூடு அதிகம், வேகத்தைக் குறை" என்று கத்தும் லைன் அது. அதை சிபியூவுக்குள் இருக்கும் எம்எஸ்ஆர் பதிவேட்டில் அணைக்கும் வழி இணையம் முழுக்கக் கிடக்கிறது. செக்யூர் பூட் இயங்கும் கெர்னலில் லாக்டவுன் என்ற பாதுகாப்புப் பூட்டு அதை அனுமதிக்காது. அதற்காக செக்யூர் பூட்டை அணைத்து, தினமும் பூட்டில் ஓடும் ஸ்கிரிப்டாக வைத்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பழுதானது வெப்ப சென்சாரா, சார்ஜிங் ஐசியா, டிசி ஜாக்கா என்று தெரியாமல் எச்சரிக்கையை மட்டும் வாயடைப்பது அது. இந்த இடத்தில் சிப் லெவல் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். "சார்ஜர் மாற்றிப் பார்த்தாயிற்று, பயாஸ் டீஃபால்ட், வெப்பம் 48, வேகம் 400" என்று எழுதிக் கொடுத்தால் அவர் விண்டோஸ் போட்டுப் பார்க்கும் சடங்கைத் தவிர்ப்பார்.

## அறிகுறி: முதலில் பறக்கிறது, ஓரிரு நிமிடத்தில் தவழ்கிறது

ஸ்ட்ரெஸ் தொடங்கியதும் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போகும். வெப்பம் 95ஐ நெருங்கியதும் சரசரவென்று 1.5க்கு இறங்கும். கெர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி'யில் "கோர் வெப்பம் வரம்பைத் தாண்டியது, கிளாக் குறைக்கப்பட்டது" என்ற பொருளில் வரி இருக்கும். சிபியூ0 கோப்பகத்தில் 'தெர்மல் த்ராட்டில்' உள்ளே இருக்கும் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகும். டிரைவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. கவர்னரை 'பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கினால் இன்னும் சீக்கிரம் சூடாகும், அவ்வளவுதான்.

புதுவயலில் ஒரு அரிசி ஆலை ஆபீஸ் மெஷின் இப்படி வந்தது. ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் ஹீட்சிங்கின் வாயில் தவிட்டுத் தூசி படிந்து, படிந்து, கம்பளித் துண்டு போல ஒரே தகடாகி இருந்தது. விரலால் உரித்தால் முழுசாக வந்தது. பின்னால் இருந்த செம்பு இதழ்கள் பளிச்சென்று புதிதாக இருந்தன; காற்று அதுவரை அங்கே போனதே இல்லை. ஆலை, மாவு மில், பலசரக்குக் கடை, மரப்பட்டறை மெஷின்களுக்கு வெளியிலிருந்து புளோயர் அடித்தால் மட்டும் போதாது. எதிர்த்திசையில் அடித்தால் அந்தத் தகடு கொஞ்சம் நகர்ந்து மறுபடி உட்கார்ந்துகொள்ளும். பின்மூடியைத் திறந்தே ஆக வேண்டும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும்.

வீட்டு லேப்டாப் என்றால் மெத்தை, தலையணையை விட்டு எடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல கூலிங் பேட் கடையில் கிடைக்காது. லேப்டாப்பின் நாலு கால் ரப்பரும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தேய்ந்திருந்தால் அடியில் காற்று போக இடமிருக்காது.

தூசி எடுத்தும் சரியாகவில்லை என்றால் தெர்மல் பேஸ்ட். சில நூறு ரூபாய் வேலை. கை பழகாதவர்கள் கடையில் கொடுங்கள். ஹீட்சிங்க் திருகுகளை எண் வரிசைப்படி, குறுக்கும் நெடுக்குமாக இறுக்காவிட்டால் ஒரு கோர் மட்டும் கொதிக்கும். ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டாலோ பூட்டில் ஃபேன் பிழை வந்தாலோ ஃபேனை மாற்ற வேண்டியதுதான். அது வரும்வரை தாக்குப்பிடிக்க டர்போவை (வேகத்தைத் தற்காலிகமாக உச்சத்துக்கு ஏற்றும் வசதி) அணைத்து வைக்கலாம். இன்டெல் பிஸ்டேட் கோப்பகத்தில் 'நோ டர்போ'வில் 1 எழுதினால் டர்போ அணையும். பெயரிலேயே 'நோ' இருப்பதால் தலைகீழ் என்பதை மறக்காதீர்கள். ஏசிபிஐ டிரைவரில் 'பூஸ்ட்' கோப்பில் 0 எழுத வேண்டும்.

## அறிகுறி: சிபியூஃப்ரெக் கோப்பகமே இல்லை

விர்ச்சுவல் மெஷினா? அப்படியானால் இது பழுதே அல்ல. வேகத்தை ஹோஸ்ட், அதாவது அதைத் தாங்கும் நிஜ மெஷின் பார்த்துக்கொள்ளும். கெஸ்டில், அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பயாஸில் அணைத்திருக்கிறதா? ஸ்பீட்ஸ்டெப்போ கூல் அண்ட் கொயட்டோ அணைந்திருந்தால் ஏசிபிஐ டிரைவருக்கு அட்டவணை கிடைக்காது. ஏஎம்டி மெஷினில் 'டிமெஸ்ஜி'யில் 'சிபிசி' என்ற பொருள் பயாஸில் இல்லை என்று வரி வந்தால் பயாஸில் சிபிபிசியை எனேபிள் செய்யுங்கள். அந்த விருப்பமே இல்லையென்றால் பயாஸ் அப்டேட் பாருங்கள். லேப்டாப்பில் பேட்டரி பாதிக்கு மேல் இல்லாமலும், டெஸ்க்டாப்பில் யூபிஎஸ் இல்லாமலும் பயாஸ் அப்டேட்டைத் தொடவே தொடாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டைத் தூக்கிக்கொண்டு புரோகிராமர் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.

கெர்னல் பழசா? ஏஎம்டி பிஸ்டேட் டிரைவர் 2022இல் 5.17 கெர்னலில்தான் உள்ளே வந்தது. ஆக்டிவ் மோடு 6.3இல் வந்தது. பழைய எல்டிஎஸ் கெர்னலில் அதைத் தேடினால் கிடைக்காது, ஏசிபிஐ டிரைவர்தான் ஓடும். டிஸ்ட்ரோவே (நீங்கள் நிறுவியிருக்கும் லினக்ஸ் வகை) தரும் புதிய கெர்னலைப் போட்டுப் பாருங்கள். சொந்தமாகக் கம்பைல் செய்ய இது காரணமாகாது.

நீங்களே கட்டிய கெர்னலா? 'பூட்' கோப்பகத்தில் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் 'சிபியூ ஃப்ரெக்' என்று கிரெப் செய்யுங்கள். மெனுகான்ஃபிக்கில் பவர் மேனேஜ்மென்ட், ஏசிபிஐ பிரிவுக்குள் சிபியூ ஃப்ரீக்வென்சி ஸ்கேலிங் என்ற பகுதி இருக்கும். இன்டெல் பிஸ்டேட்டை மாட்யூலாக வைக்க முடியாது, 'ஒய்' ஆக, அதாவது கெர்னலுக்குள்ளேயேதான் வைக்க வேண்டும். ஏசிபிஐ சிபியூஃப்ரெக்கை 'எம்' (மாட்யூல்) ஆகவும் வைக்கலாம். அதோடு ஏசிபிஐ பிராசஸர் இருக்க வேண்டும், ஷெட்யூட்டில் கவர்னர் இருக்க வேண்டும்.

பள்ளி, கல்லூரி லேபுகளில் வரும் தனி ரகம் ஒன்று உண்டு. ஒரு புது மெஷினில் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' கொண்டு சின்னதாக ஒரு கெர்னலைக் கட்டி, அந்த டிஸ்க்கை எல்லா மெஷினுக்கும் குளோன் செய்துவிடுவார்கள். லோக்கல்மாட்கான்ஃபிக் அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். புது மெஷினில் ஓடியது இன்டெல் பிஸ்டேட் என்பதால் ஏசிபிஐ டிரைவர் வெட்டுப்பட்டுப் போகும். இன்டெல் பிஸ்டேட்டுக்கு சாண்டி பிரிட்ஜ் தலைமுறை சிபியூவோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். லேபின் கடைசி வரிசையில் கிடக்கும் கோர் 2 டுவோக்களுக்கு எந்த டிரைவரும் இருக்காது. டிஸ்ட்ரோவின் ஜெனரிக் கெர்னலைப் போடுங்கள், அத்தனை வரிசையும் ஒரே நாளில் சரியாகும்.

## அறிகுறி: கவர்னர் தானாக மாறுகிறது, அல்லது வேண்டிய கவர்னர் பட்டியலில் இல்லை

ஷெட்யூட்டில், ஆன்டிமாண்ட் எதுவும் இல்லை, பெர்ஃபார்மன்ஸும் பவர்சேவும் மட்டும் தெரிகிறது என்றால் அது ஆக்டிவ் மோடின் இயல்பு. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது டிரைவரும் சிபியூவும்தான். நீங்கள் திருப்ப வேண்டிய குமிழ் 'எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் பிரிஃபரன்ஸ்' என்ற கோப்பு. அதில் 'பேலன்ஸ் பெர்ஃபார்மன்ஸ்' பெரும்பாலோருக்குப் போதும். ஷெட்யூட்டில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் இன்டெல் பிஸ்டேட் கோப்பகத்தில் 'ஸ்டேட்டஸ்' கோப்பில் 'பேசிவ்' என்று எழுதுங்கள். ரீபூட் வேண்டாம்.

போட்டது நிற்கவில்லை என்றால், 'சிஸ்டம்சிடிஎல்' கொண்டு பவர் மேனேஜர் சர்வீஸ்களான டிஎல்பி, பவர் புரொஃபைல்ஸ் டீமன், டியூன்ட், ஆட்டோ சிபியூஃப்ரெக் இவற்றில் எவை ஓடுகின்றன என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். க்னோம் டெஸ்க்டாப்பில் மேல்மூலை மெனுவில் புரொஃபைல் மாற்றுபவர்கள் பவர் புரொஃபைல்ஸ் டீமனை வைத்துக்கொள்ளட்டும். ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிட விரும்புபவர்களுக்கு டிஎல்பி. கையால் எழுதிய ஸ்கிரிப்ட் கிரான்டேபில் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரே ஒரு சர்வீஸ்தான், ஆனாலும் நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறதா? பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டில் இரண்டாம் கட்டில் மரப்பெட்டியில் பதித்த பழைய சாக்கெட். பிளக் லேசாக ஆடும். ஆடும்போதெல்லாம் பேட்டரிக்குப் போய்த் திரும்பும். டிஎல்பி ஒவ்வொரு தடவையும் புரொஃபைலை மாற்றும். "தம்பி, சினிமா பாக்கயில விட்டு விட்டு நிக்கிது" என்றார்கள். சாக்கெட்டை மாற்றியது எலக்ட்ரீஷியன். 'யூடெவ்அட்ம் மானிட்டர்' ஓடவிட்டு பிளக்கை மெதுவாக அசைத்தால் பவர் சப்ளை நிகழ்வுகள் சரம் சரமாக வரும். வந்தால் பிரச்சனை மின் வயரிங்கில். பழைய வீட்டு வயரிங்கை நீங்களே பிரிக்க வேண்டாம்.

## அறிகுறி: சும்மா இருக்கும்போதும் ஃபேன் ஓடுகிறது, பேட்டரி கரைகிறது

'டாப்' போட்டு ஏதாவது புரோகிராம் சிபியூவைத் தின்கிறதா என்று முதலில் பாருங்கள். இண்டெக்ஸ் செய்யும் சர்வீஸோ, மூடாத பிரவுசர் டேப்போ இருக்கும். அது இல்லையென்றால் கவர்னர் பெர்ஃபார்மன்ஸில் இருக்கிறதா பாருங்கள். சொந்தக் கெர்னலில் டீஃபால்ட் கவர்னராக அதையே தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

அதுவும் இல்லையென்றால் பூட் வரியில் 'மேக்ஸ் சிஸ்டேட் = 1' மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று 'ப்ராக்' கோப்பகத்தின் 'சிஎம்டிலைன்' கோப்பைப் பாருங்கள். சிபியூ ஆழ்ந்து தூங்குவதைத் தடுக்கும் வரி அது. எப்போதோ வேறு பழுதுக்குப் போட்டது அப்படியே தங்கியிருக்கும். 'பவர்டாப்'பில் ஆழமான சிஸ்டேட்களின் (சிபியூவின் தூக்க நிலைகள்) சதவீதம் சும்மா இருக்கும்போதும் பூஜ்யமாக நின்றால் காரணம் இதுவோ, ஏதாவது யூஎஸ்பி சாதனமோ.

## அறிகுறி: வேலை செய்யும்போது ஓடுகிறது, சும்மா விட்டால் உறைகிறது

இது தலைகீழாகத் தெரிந்தாலும் நிஜம். சிபியூ ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்த் திரும்பி வர முடியாமல் நிற்கும். பே டிரெயில் ஆட்டம், செலரான் மெஷின்களில் இது ஊரறிந்த பிழை. 'இன்டெல் ஐடில் மேக்ஸ் சிஸ்டேட் = 1' (ஐடிலுக்கும் மேக்ஸுக்கும் நடுவே அடிக்கோடு அல்ல, புள்ளி) என்று பூட் வரியில் போட்டால் உறைவது நிற்கும், பேட்டரி கொஞ்சம் அதிகம் போகும். முதல் தலைமுறை ரைசன் டெஸ்க்டாப்பில் பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிபிக்கல் கரண்ட் ஐடில்' ஆக்குங்கள். பூட் பாராமீட்டரைவிட அதுவே நல்லது.

பாராமீட்டரை முதலில் கிரப் மெனுவில் 'இ' அழுத்தித் தற்காலிகமாகச் சேர்த்துச் சோதியுங்கள். ஓரிரு நாள் உறையாமல் ஓடினால் மட்டும் கிரப் கோப்பில் நிரந்தரமாக எழுதுங்கள். அப்படியும் உறைந்தால் ராமை 'மெம்டெஸ்ட்'டிலும், டெஸ்க்டாப் என்றால் வேறு எஸ்எம்பிஎஸ்ஸிலும் பார்த்துவிட்டுத்தான் போர்டைச் சந்தேகப்பட வேண்டும்.

## அறிகுறி: மூடி வைத்தால் காலையில் பேட்டரி காலி

'சிஸ், பவர்' கோப்பகத்தில் 'மெம் ஸ்லீப்' கோப்பைப் படியுங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் நடப்பில் உள்ளது. 'எஸ்2ஐடில்' (லேசான தூக்கம்) அடைப்புக்குள்ளும் 'டீப்' (ஆழ்ந்த தூக்கம்) வெளியிலும் இருந்தால், 'டீப்' என்று அதில் எழுதி மூடிப் பாருங்கள். திறந்ததும் ஒழுங்காக எழுந்தால் 'மெம் ஸ்லீப் டீஃபால்ட் = டீப்' என்று பூட் வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். எழவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, பாராமீட்டரைச் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

'டீப்' என்ற சொல்லே அந்தக் கோப்பில் இல்லையென்றால் பயாஸ் அதைத் தரவில்லை. சில மாடல்களில் பயாஸில் ஸ்லீப் வகையை மாற்றும் விருப்பம் இருக்கும், அங்கே 'லினக்ஸ்' அல்லது 'எஸ்3' என்று இருந்தால் தேர்ந்தெடுங்கள். அதுவும் இல்லாதவர்கள் இரவில் ஷட் டவுன் செய்துவிடுங்கள். எஸ்எஸ்டி இருந்தால் காலையில் அரை நிமிடத்தில் எழுந்துவிடும்.